சித்திரையில் பறவைக் கணக்கெடுப்பு: சென்னைத் தன்னார்வலர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் பறவை பார்ப்பதற்கு உகந்த காலம் எது என்று கேட்டால், பெரும்பாலோர் மார்கழியையும் தையையும்தான் சொல்வார்கள். வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகளும் கரைப்பறவைகளும் அந்த மாதங்களில்தான் ஏரிகளை நிறைத்திருக்கும், வெயிலும் உறைக்காது. இருந்தாலும், கணக்கெடுப்பில் முதன்முதலாகத் தன்னார்வலராக இறங்க நினைப்பவருக்கு நான் பரிந்துரைப்பது மாசியில் தொடங்கிச் சித்திரைக் கடைசியில் முடியும் காலத்தையே. வலசைப் பறவைகள் ஒவ்வொன்றாக விடைபெறும் அந்த வாரங்களில் கற்றுக்கொள்ள வேண்டிய இனங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். உள்ளூர்ப் பறவைகளோ இனப்பெருக்கக் காலத்துக்குரிய நிறமும் குரலும் பெற்று எளிதில் கண்ணிலும் காதிலும் படும். வெயிலுக்கு அஞ்சிப் பலரும் வீட்டிலேயே இருந்துவிடுவதால், அப்போது எழுதப்படும் ஒரு பட்டியலுக்கு மார்கழிப் பட்டியலைவிடத் தேவை அதிகம் என்பது இன்னொரு காரணம்.

எந்தக் கணக்கெடுப்பு, எப்போது

தமிழ்நாட்டில் ஆண்டின் முதல் கணக்கெடுப்பு பொங்கல் விடுமுறையில் வருகிறது. 2015 முதல் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, சொந்த ஊருக்குப் போனவர்கள் அங்கேயே பறவைகளைப் பார்த்துப் பதிவு செய்ய வழிசெய்தது. அதற்கு அடுத்த மாதம், பிப்ரவரி நடுவில், வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு நாட்கள் உலகெங்கும் நடப்பது வீட்டுத் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு. 1998-இல் அமெரிக்காவில் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் தொடங்கிய இந்நிகழ்வு 2013-இல் உலகம் முழுவதற்கும் விரிந்தது. இந்தியாவில் பேர்ட் கவுண்ட் இந்தியா என்னும் கூட்டமைப்பு இதை முன்னெடுக்கிறது. அதே நாட்களில் கல்லூரி, பள்ளி வளாகங்களுக்கான கணக்கெடுப்பும் நடப்பதால், மாணவர்களுக்கு இதுவே நல்ல நுழைவாயில்.

ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே வனத்துறை, நீர்ப்பறவைகளுக்கும் நிலப்பறவைகளுக்கும் தனித்தனியாக ஒருங்கிணைந்த கணக்கெடுப்பை மாநிலம் முழுவதும் நடத்துகிறது. இதற்குத் தன்னார்வலர்களை அழைக்கும் அறிவிப்பு மாவட்ட வன அலுவலகங்கள் வழியாகச் சில நாட்களுக்கு முன்புதான் வரும் என்பதால், கவனமாக இருக்க வேண்டும். ஓரளவு பழக்கம் உள்ளவர்களையே குழுவில் சேர்ப்பார்கள். ஆனால் குறிப்பெடுக்கவும், வந்துபோகும் கூட்டங்களை எண்ணவும் ஆள் தேவைப்படும் என்பதால் புதியவர்களும் கேட்டுப் பார்க்கலாம்.

இந்த வழிகாட்டி பெரிதும் குறிவைப்பது மே மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையை. 2015-இல் தொடங்கிய உலகளாவிய பறவை நாள் இப்போது அந்த நாளில் கடைப்பிடிக்கப்படுகிறது. இந்தியாவுக்கு மட்டுமே உரிய இனங்களைத் தேடும் நாளாகவும் இங்கே அது அமைகிறது. இரண்டாம் சனிக்கிழமை எப்போதும் 8-ஆம் தேதிக்கும் 14-ஆம் தேதிக்கும் இடையில்தான் விழும். ஆக, சென்னைவாசிக்கு அது சரியாகக் கத்திரி வெயிலின் நடுப்பகுதி. இளவேனில் என்று பஞ்சாங்கம் சொல்லும் பருவமும் இதுவேதான், நம்பக் கடினமாக இருந்தாலும். கீழே சொல்லப்படும் நேரக் கட்டுப்பாடுகள் எல்லாம் இந்த உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

முதல் படி: ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் வேடந்தாங்கலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அறிந்து ஊர்மக்களே தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்துவந்த அந்த இடத்தை ஒருமுறையாவது பார்த்தே ஆக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கணக்கெடுப்புக்கு அது முதல் தெரிவாக இருக்க வேண்டியதில்லை. நகரிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் போய்ச் சேர்வதற்குள் காலையின் நல்ல பகுதி கழிந்துவிடும். மே மாதத்தில் நீர் வற்றியிருந்தால் கூடு கட்டியவையும் பெரும்பாலும் கலைந்திருக்கும். வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் எட்டக்கூடிய ஏரியையோ பூங்காவையோ எடுத்துக்கொண்டு, கணக்கெடுப்புக்கு முன் சில வாரங்கள் அங்கேயே திரும்பத் திரும்பப் போவது பலமடங்கு பயன் தரும். எந்த மரத்தில் கிளிகள் அடைகின்றன, மதகின் எந்தப் பக்கத்தில் கானாங்கோழி வெளிவருகிறது என்பது கால் பழகிய இடத்தில்தான் தெரியும்.

தென்சென்னைக்காரர்களுக்குப் பள்ளிக்கரணை இருக்கிறது. ஏறத்தாழ 1,250 ஹெக்டேர் பரப்புள்ள இச்சதுப்புநிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டில் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் சேர்ந்தன. நீலத் தாழைக்கோழி, நெடுங்கால் உள்ளான், நீளவால் இலைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, கூழைக்கடா ஆகியவற்றை இங்கே எதிர்பார்க்கலாம். துரைப்பாக்கத்தையும் பல்லாவரத்தையும் இணைக்கும் இருநூறடிச் சாலை சதுப்பை ஊடறுத்துச் செல்வதால், இருபுறமும் பறவைகள் நன்றாகத் தெரியும். அந்தச் சாலையின் வேகத்தை மட்டும் குறைத்து மதிப்பிட வேண்டாம். இருநோக்கியை (பைனாகுலர்) கண்ணில் வைத்தபடி ஓர் அடிகூட நகரக் கூடாது. பள்ளிக்கரணையில் உள்ள சூழல் பூங்காவின் நடைபாதை பாதுகாப்பானது, குழந்தைகளோடு வருபவர்களுக்கு ஏற்றது. சற்றுத் தெற்கே பெரும்பாக்கம் ஏரி, கரையில் நடந்தபடியே எண்ணுவதற்கு வசதியாக இருக்கும்.

அடையாறு முகத்துவாரத்தை ஊரூர்க் குப்பத்துப் பக்கம், உடைந்த பாலத்தின் அருகிலிருந்து பார்க்கலாம். ஓதம் வடிந்து மணல் திட்டுகள் தலைகாட்டும் வேளையில்தான் ஆலாக்களும் கரைப்பறவைகளும் இறங்கும். எனவே ஓத நேரத்தை முன்னாளே பார்த்துக்கொள்வது நல்லது. முகத்துவாரத்தை ஒட்டிய பிரம்மஞான சபை வளாகத்தில் முதிர்ந்த மரங்கள் அடர்ந்திருப்பதால் ஏரிக்கரையில் கிடைக்காத மாம்பழச்சிட்டு, வால்காக்கை, மாங்குயில் போன்றவற்றுக்கு அங்கே வாய்ப்பு அதிகம். ஆனால் பார்வையாளர் நேரம் வரையறுக்கப்பட்டது. சென்று ஏமாறாமல் முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். தொல்காப்பியப் பூங்காவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கிண்டி தேசியப் பூங்காவின் உட்காடு பொதுமக்களுக்குத் திறந்ததன்று; வனத்துறைக் கணக்கெடுப்புக் குழுவில் இடம் கிடைத்தால் மட்டுமே உள்ளே போக முடியும். 3 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான அந்தக் காட்டில் வெளிமான்களுக்கு நடுவே நின்று பறவை எண்ணும் வாய்ப்பு, நகரத்தின் நடுவில் வேறெங்கும் வாய்க்காது. தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரி வளாகத்தின் புதர்க்காடும் இத்தகையதே. அங்கே படிப்பவர்களும் பணிபுரிபவர்களும் வளாகக் கணக்கெடுப்பைத் தவறவிடக் கூடாது. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையோர உப்பங்கழி பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அருமையான இடம். பூநாரைகளைத் தேடிப் பழவேற்காடு வரை போக நினைப்பவர்கள் ஒரு முழுநாளை ஒதுக்க வேண்டும்.

இவை எதற்கும் போக இயலாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. மொட்டைமாடியில் நாற்காலி போட்டு 15 நிமிடம் அமர்ந்து எழுதும் பட்டியலும் முறையான பட்டியலே. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கு இதைவிட நல்ல காலைப்பொழுது கிடையாது.

இரண்டாம் படி: கொஞ்சம் கருவி

8x42 என்று குறிக்கப்பட்ட இருநோக்கி ஒன்று போதும். முதல் எண் உருப்பெருக்கத்தையும், இரண்டாம் எண் முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும். பத்து மடங்கு பெருக்குவதை வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்தே பெருகும்; பார்வைப் பரப்பும் குறுகும். இருநோக்கி இல்லையென்றால் வாங்கும் வரை காத்திருக்காமல், வெறுங்கண்ணுக்குத் தெரிபவற்றிலிருந்தே தொடங்குங்கள். சிறு குறிப்பேடு, பென்சில், தொப்பி, மூடிய காலணி, ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாத தண்ணீர் ஆகியவை கட்டாயம். ஆடை மங்கிய நிறத்தில் இருக்கட்டும்.

கைப்பேசியில் இ-பேர்டு, மெர்லின் ஆகிய இரண்டு செயலிகளை நிறுவிக்கொள்ளுங்கள், இரண்டும் கட்டணமில்லாதவை. முதலாவது பட்டியலைப் பதிவதற்கு, இரண்டாவது அடையாளம் காண உதவுவதற்கு. இணைய இணைப்புள்ள இடத்திலேயே நம் பகுதிக்குரிய பறவைத் தொகுப்பைத் தரவிறக்கி வைத்துவிட்டால், ஏரிக்கரையில் சிக்னல் இல்லாமல் தவிக்க நேராது.

மூன்றாம் படி: முப்பது பறவைகளைப் பழகுங்கள்

கணக்கெடுப்புக்கு நூற்றுக்கணக்கான இனங்களைத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அச்சமே பலரைத் தடுத்துவிடுகிறது. சென்னையில் ஒரு சித்திரைக் காலையில் கண்ணில் படுபவற்றின் பெரும்பகுதியை முப்பது பெயர்களுக்குள் அடக்கிவிடலாம். காகம், அண்டங்காக்கை, மாடப்புறா, மைனா, பச்சைக்கிளி, கரிச்சான், செண்பகம், குயில், தவிட்டுக்குருவி, செங்குதக் கொண்டைக்குருவி, தையல்சிட்டு, ஊர்த்தேன்சிட்டு, வெண்மார்பு மீன்கொத்தி, பஞ்சுருட்டான், கரும்பருந்து, செம்பருந்து, வல்லூறு ஆகியவை தரைப்பகுதிக்கு. நீர்நிலைக்கு மடையான், கொக்கு வகைகள், சாம்பல் நாரை, செந்நாரை, நத்தைகுத்தி நாரை, சின்ன நீர்க்காகம், பாம்புத்தாரா, முக்குளிப்பான், தாழைக்கோழி, கானாங்கோழி, சிவப்புமூக்கு ஆட்காட்டி.

இவற்றுள் சில சித்திரையில் வேறு உடையில் இருக்கும் என்பதே புதியவரைக் குழப்பும். குளிர்காலம் முழுவதும் மண்நிறக் கோடுகளோடு சேற்றில் கலந்து நின்ற மடையான், இப்போது முதுகில் அடர்ந்த செம்பழுப்பு நிறம் ஏறிப் புதுப்பறவை போல நிற்கும். உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறம் பெறும். அப்போது அதைச் சின்னக்கொக்கோடு குழப்பிக்கொள்ள இடமே இல்லை. ஆண்டின் மற்றக் காலத்தில் அலகின் நிறத்தைப் பாருங்கள்: உண்ணிக்கொக்குக்கு மஞ்சள், சின்னக்கொக்குக்குக் கறுப்பு. வலசை போகாமல் மே வரை தங்கிவிட்ட மீசை ஆலா ஒன்று தென்பட்டால், அதன் தலை கறுத்து, வயிறு சாம்பல் கருமை அடைந்து, கன்னத்தில் வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரியும். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று குளிர்காலத்தில் விளங்காதவர்களுக்கு அப்போது விளங்கும்.

வானத்தில் பறப்பவற்றில் தகைவிலானும் பனை உழவாரனும் அடிக்கடி இடம் மாறிப் பதிவாகின்றன. தகைவிலான் வலசைப் பறவை, ஏப்ரல் கடைசிக்குள் பெரும்பாலும் போய்விடும்; மின்கம்பியில் வரிசையாக அமரும். பனை உழவாரன் ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும். கம்பியில் அமரவே அமராது. மே மாதப் பட்டியலில் தகைவிலானை எழுதுவதற்கு முன் ஒருமுறை யோசிப்பது நல்லது.

குரல்கள் இப்பருவத்தின் பெருங்கொடை. விடியலுக்கு முன்பே தொடங்கும் ஆண்குயிலின் அழைப்பு யாருக்கும் தெரியும். பெண்குயிலின் கரகரத்த கிக்-கிக் ஒலியைத்தான் பலர் வேறு பறவை என்று எண்ணுகிறார்கள். செம்மார்புக் குக்குறுவான் இலைக்கூட்டத்துக்குள் மறைந்திருந்து செம்பைத் தட்டுவதுபோல் ஒரே சீராகக் ‘டுக், டுக்’ என்று ஒலித்துக்கொண்டிருக்கும். பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று காத்திருந்தால் கழுத்து வலிதான் மிஞ்சும். குரலால் உறுதியாகத் தெரிந்ததை எண்ணிக்கையில் சேர்க்கலாம்.

தனியே கற்பது கடினம் என்று தோன்றினால், 1978-இல் தொடங்கப்பட்ட சென்னை இயற்கை ஆர்வலர் சங்கம் போன்ற அமைப்புகளின் களப்பயணங்களில் சேர்ந்துகொள்ளலாம். பழகிய கண்ணுடையவர் பக்கத்தில் நின்று கழித்த ஒரு காலை, செயலியோடு கழித்த ஒரு மாதத்துக்குச் சமம் என்பது என் கருத்து.

நான்காம் படி: கணக்கெடுக்கும் காலை

மே மாதத்தில் சென்னையில் ஏறக்குறைய 5.45-க்குச் சூரியன் உதிக்கிறது. அதற்குள் இடத்தில் இருங்கள், 8.30-க்குள் முடித்துவிடுங்கள். அதன்பின் பறவைகளும் நிழலுக்குள் ஒடுங்கிவிடும், வெப்பத்தில் காற்று நெளிந்து தொலைவில் உள்ளவை கலங்கித் தெரியும். காலையில் ஏரியின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் ஒளி நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எதிர்க்கரையில் நின்றால் எல்லாப் பறவைகளும் கறுப்பு நிழல்களாகவே தெரியும். இந்த ஒரு விவரத்தைக் கவனிக்காமல் அரைமணி நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்க முடிகிறது.

இடத்தை அடைந்ததும் செயலியில் பட்டியலைத் தொடங்குங்கள். தொடங்கிய நேரம், கால அளவு, நடந்த தொலைவு ஆகிய மூன்றும் பறவைப் பெயர்களுக்கு நிகரான முக்கியத்துவம் உடையவை. ஒரு மணி நேரத்தில் கண்ட பத்து மடையான்களும் ஐந்து நிமிடத்தில் கண்ட பத்து மடையான்களும் ஆய்வாளருக்கு ஒரே செய்தியைச் சொல்வதில்லை. ஓரிடத்தில் நின்றே எண்ணினால் நிலையான கணக்கெடுப்பு, 30 மீட்டருக்கு மேல் நகர்ந்தால் நடைக் கணக்கெடுப்பு. ஒவ்வொரு பட்டியலும் குறைந்தது 15 நிமிடம் நீடிக்கட்டும். மிக நீண்ட நடையை ஒரே பட்டியலாக எழுதுவதைவிட, ஏரிக்கு ஒன்று, அதை ஒட்டிய புதர்க்காட்டுக்கு ஒன்று எனப் பிரித்து எழுதுவது சிறந்தது.

எண்ணுவதில் சில பழக்கங்கள் கைவர வேண்டும். சிறு கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். இருநூறு நத்தைகுத்திகள் நிற்கும்போது, முதல் பத்தை எண்ணி, அந்தப் பத்து பிடிக்கும் இடம் எவ்வளவு என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவை மீதிக் கூட்டத்தின் மீது நகர்த்திப் பாருங்கள். இம்மதிப்பீட்டில் பிழை இருக்கவே செய்யும், பரவாயில்லை; எண்ணே இல்லாத பதிவைவிட அது மேலானது. கரும்பருந்து போல வட்டமிட்டுத் திரும்பி வருபவற்றுக்கு, ஒரே நேரத்தில் அதிகபட்சமாக எத்தனை தெரிந்தனவோ அந்த எண்ணை எழுதுங்கள். கரைநெடுக நடந்து அதே வழியில் திரும்பும்போது, போகும் வழியில் எண்ணியவற்றை மீண்டும் சேர்க்கக் கூடாது. புதிதாகக் கண்ட இனங்களை மட்டும் சேர்க்கலாம்.

முடிவில் செயலி ஒரு கேள்வி கேட்கும்: நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிவு செய்துவிட்டீர்களா? இக்கேள்வியில்தான் பட்டியலின் மதிப்பு இருக்கிறது. காகத்தையும் மாடப்புறாவையும் எழுதாமல் விட்டுவிட்டு, அரிய பறவைகளை மட்டும் பதிந்தவர் ‘ஆம்’ என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் எழுதிய முழுப்பட்டியல் இருந்தால்தான், ஓர் இனம் அங்கே இல்லாததையும் ஆய்வாளர் நம்பிக்கையோடு கணக்கில் கொள்ள முடியும். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் இப்படி அனுப்பிய மூன்று கோடிக்கும் அதிகமான பதிவுகளே அதற்கு அடித்தளம். பனங்காடை வெகுவாகக் குறைந்துவருகிறது, குயிலும் மயிலும் பெருகிவருகின்றன என்ற முடிவுகள் எல்லாம் சாதாரணப் பறவைகளையும் சலிக்காமல் எழுதியவர்களின் உழைப்பிலிருந்து வந்தவை. அடையாளம் தெரியாமல் போன சில பறவைகள் இருந்தாலும் முழுப்பட்டியல் என்ற தகுதி குறையாது. தெரிந்த எதையும் வேண்டுமென்றே விட்டுவிடாமல் இருந்தால் போதும்.

மெர்லின் ஒலியைக் கேட்டுச் சொல்லும் பெயர்களை அப்படியே பட்டியலில் ஏற்ற வேண்டாம். அது தரும் பெயரை ஒரு துப்பாக எடுத்துக்கொண்டு, குரல் வந்த மரத்தை நோக்கிப் பறவையைக் கண்ணால் பார்த்தோ, மறுபடி காதால் கேட்டோ உறுதி செய்துகொண்டு எழுதுங்கள்.

களத்தில் நடந்துகொள்ளும் முறை

மார்ச் முதல் ஆட்காட்டி வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடத் தொடங்கும். நெடுங்கால் உள்ளானும் வற்றிவரும் சதுப்பில் கூடு அமைக்கும். முட்டையின் நிறம் மண்ணோடு அப்படியே பொருந்திப்போகும் என்பதால், காய்ந்த ஏரிப்படுகைக்குள் இறங்கி நடப்பதை இந்த மாதங்களில் முற்றிலும் தவிர்த்துக் கரையிலேயே நில்லுங்கள். தலைக்கு மேல் ஆட்காட்டி விடாமல் கத்திச் சுற்றினால், நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். வந்த வழியே திரும்ப வேண்டும். பறவையை வெளியே வரவழைக்க அதன் குரலை ஒலிபரப்புவது, கூட்டைப் படமெடுக்க இலைகளை விலக்குவது ஆகியவை கூடவே கூடாதவை. நன்மங்கலம் காப்புக்காட்டின் பழைய கல்குவாரிப் பகுதி கொம்பன் ஆந்தைக்குப் பெயர்பெற்றது. ஆந்தையின் கூடோ அடையும் இடமோ தெரிந்தால், அதைக் குழுக்களில் பரப்பாமல் இருப்பதே அதற்குச் செய்யும் உதவி.

ஏரி பறவை ஆர்வலர்களுக்கு மட்டும் சொந்தமானதன்று. வலை வீசுபவர், மாடு மேய்ப்பவர், நடைப்பயிற்சிக்கு வருபவர் எல்லோரும் நமக்கு முன்பிருந்தே அங்கே புழங்குபவர்கள். ஒரு வணக்கம் சொல்லி, என்ன செய்கிறோம் என்று விளக்கினால், எந்தப் பறவை எப்போது வந்தது என்று அவர்களே சொல்வார்கள். வலைக்காரர்களின் தகவல் பெரும்பாலும் துல்லியமாக இருக்கும். வீடுகளை நோக்கி இருநோக்கியைத் திருப்பாதீர்கள். தெருநாய்க் கூட்டம் உள்ள கரைகளில் தனியே நடக்க வேண்டாம். புல் அடர்ந்த இடத்தில் பாம்பு இருக்கும் என்று கருதியே அடி வையுங்கள். தலை சுற்றல், தசைப்பிடிப்பு தோன்றினால் கணக்கெடுப்பை அங்கேயே நிறுத்திவிட்டு நிழலுக்குப் போய்விட வேண்டும்.

ஐந்தாம் படி: பதிவேற்றமும் அதன் பிறகும்

பட்டியலை அன்றைக்கே பதிவேற்றிவிடுங்கள். குழுவாகச் சென்றிருந்தால் ஒருவர் மட்டும் எழுதி, மற்றவர்களுக்கு அதே பட்டியலைப் பகிர்ந்தால் போதும். ஆளுக்கொரு பட்டியல் தனித்தனியாக அனுப்பினால் ஒரே பறவை பலமுறை எண்ணப்பட்டதாகிவிடும். இனம் பிரித்தறிய முடியாத வெண்கொக்குகளை ‘கொக்கு இனம்’ என்ற பொதுப்பெயரில் சேர்க்கச் செயலியிலேயே இடம் உண்டு.

இடத்துக்கோ காலத்துக்கோ பொருந்தாத பெயரையோ, வழக்கத்துக்கு மிஞ்சிய எண்ணையோ எழுதியிருந்தால், செயலி உடனே விளக்கம் கேட்கும். சில நாட்களுக்குப் பிறகு, அப்பகுதியின் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சலும் வரலாம். இது குற்றச்சாட்டன்று, எல்லோருக்கும் வருவதுதான். மே மாதத்தில் ஊசிவால் வாத்து பார்த்ததாக எழுதினால், அனுபவசாலியையும் கேட்கவே செய்வார்கள். அளவு, அலகு, வால், பறந்த விதம், எவ்வளவு தொலைவிலிருந்து எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பவற்றை நினைவிலிருந்து எழுதுங்கள். மங்கலான படமானாலும் இணையுங்கள். உறுதியில்லை என்று தோன்றினால் ‘வாத்து இனம்’ என்று மாற்றிவிட்டு, எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.